மிளகாய்க் களத்தில் பேசிக்

அபிராமத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்த பழைய தோழி, ரசம் ஊற்ற வந்தவரைக் கையமர்த்திவிட்டு என் காதோரம் குனிந்து கேட்டாள்.

"ஏப்புள்ள, ஒனக்கு கோட்டூ ஞாபகம் இருக்கா?"

யாரோ ஊர்க்காரரின் பட்டப்பெயர் என்று நினைத்தேன். "எந்தக் கோட்டு? மாப்பிள்ளைக்குப் பெரியப்பா மொறையில ஒருத்தர் வெயில்ல கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கிறாரே, அவரா?"

"அடியே, பத்துல ஆரம்பிச்சு, இருபது முப்பதுன்னு போயி, மறுபடி பத்துக்கே திரும்புமே, அந்த கோட்டூ!"

எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. பாயசம் மூக்கில் ஏறியது.

எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து படித்தவர்கள். கணினிக்கு வெல்வெட் போர்வை, அறைக்கு ஏசி, எங்களுக்குச் செருப்பைக் கழற்றி வாசலில் விட வேண்டும் என்ற உத்தரவு. உள்ளே போனால் அர்ச்சனைச் சீட்டு வாங்காதது மட்டும்தான் குறை. அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பேசிக் என்கிற கணினி மொழி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பத்து, இருபது, முப்பது என்று எண் போடவேண்டும். கணினி அந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் படித்துச் செய்துகொண்டே வரும். நடுவில் 'கோட்டூ பத்து' என்று எழுதிவிட்டால் மறுபடியும் பத்து என்று எண் போட்ட வரிக்கே போய்விடும். நாங்கள் பெரும்பாலும் தாளில்தான் எழுதினோம். எங்கள் முறை வரும்போதெல்லாம் கரண்டு போய்விடும். பரீட்சையும் தாளில்தான். இரண்டு பேரும் முதல் வகுப்பில் தேறினோம். அதன்பிறகு அவள் ராமேஸ்வரம் தீவில் அக்காள்மடத்துக்கு வாக்கப்பட்டுப் போய்த் தையல் கடை வைத்தாள். நான் கடலாடிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்து மிளகாய் விவசாயம் பார்க்கிறேன். எங்கள் இருவருக்கும் பேசிக்கால் அதுவரை ஐந்து பைசாவுக்குப் பிரயோஜனம் இருந்ததில்லை.

"வாஷிங் மெஷினுக்குள்ள ஒரு சில்லு இருக்கும்ல, எப்பச் சுத்தணும், எப்பப் பிழியணும்னு பாத்துக்கிற சில்லு?" என்றாள் தோழி, சாதத்தைப் பிசைந்தபடி. "அதுக்குப் பேரு மைக்ரோகண்ட்ரோலர். அந்தச் சில்லு வச்ச பலகை இப்பத் தனியா விக்கிது. அதுக்கு நாம என்ன சொல்றமோ அதச் செய்யும். அதுவும் பேசிக்லயே சொல்லலாம். போன்ல ஒரு வீடியோ பாத்தேன். பாத்த ஒடனே ஆர்டர் போட்டுட்டேன்."

"நீ சுடிதார் தைக்கிறதுக்கு அது எதுக்கு?"

"எதுக்குன்னு தெரிஞ்சா வாங்கினேன்? ஆசையா இருந்துச்சு. ஒண்ணுன்னு நெனச்சுப் போட்டேன், ஜோடியா வந்துருச்சு. ஒண்ணு ஒனக்கு."

அவள் என் தாம்பூலப் பைக்குள் எதையோ போட்டாள். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது தேங்காய், வெற்றிலை, பாக்கோடு, பச்சை நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பலகை விழுந்தது. இரண்டு ஓரமும் வரிசையாகப் பொன்னிறப் புள்ளிகள். என் வீட்டுக்காரர் தேங்காயை ஆட்டித் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பலகையையும் எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

"கல்யாண வீட்டுல இப்ப இதெல்லாமா குடுக்குறாக?"

மகன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசாங்க மடிக்கணினி பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. அவன் வெளியூர் வேலைக்குப் போனபின் அதை யாரும் திறக்கவில்லை. துடைத்து, சார்ஜ் போட்டு, போன் சார்ஜர் வயரால் பலகையை அதோடு இணைத்தேன். பலகைக்குள் பேசிக்கை ஏற்கனவே ஏற்றிவிட்டதாகத் தோழி சொல்லியிருந்தாள். மடிக்கணினியில் ஒரு மென்பொருளைத் திறந்தால் அது பேசும் என்றும் சொல்லியிருந்தாள்.

அது பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. வயரைப் பிடுங்கிச் சொருகினேன். மடிக்கணினியை அணைத்து ஏற்றினேன். மென்பொருளை அழித்துத் திரும்ப இறக்கினேன். மகனுக்கு போன் போட்டேன். "பேசிக்கா? அம்மா, அது நான் பொறக்குறதுக்கு முன்னாடியே போயிருச்சும்மா" என்றான். போனது இப்போது நம் வீட்டுக்கு வந்திருக்கிறது என்றேன். கடைசியில் தோழிதான் கேட்டாள்.

"எந்த வயரு போட்ட?"

"சார்ஜர் வயருதான்."

"சில வயரு கரண்ட மட்டும்தான் கொண்டுபோகும்டி. பேச்சக் கொண்டுபோகாது. வேற வயரு போடு."

வீட்டில் இருந்த இன்னொரு வயர் என் வீட்டுக்காரரின் போனில் சொருகியிருந்தது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து உருவிக்கொண்டு வந்து மாட்டினேன். கருப்புத் திரையில் ஒரு சின்ன அம்புக்குறி வந்து கண்சிமிட்டியபடி நின்றது. பிரிண்ட் என்று அடித்து, இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டேன். நாலு என்றது.

"ஏங்க, ஏங்க! நாலுங்குது!"

தலையில் ஷாம்பு நுரையோடு ஓடி வந்தவர் திரையைப் பார்த்தார். "நாலுதான? நமக்கே தெரியுமே" என்றார். பிறகு தன் வயர் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்தார். அன்றிலிருந்து அவர் போன் பாதி நாள் செத்தே கிடந்தது. அவரைத் தேடியவர்கள் எல்லாரும் என் போனுக்கு அடித்தார்கள்.

அடுத்து விளக்கு. பலகையிலேயே மிளகு அளவில் ஒரு விளக்கு உண்டு. பத்து: விளக்கை ஏற்று. இருபது: கொஞ்சம் பொறு. முப்பது: விளக்கை அணை. நாற்பது: கொஞ்சம் பொறு. ஐம்பது: கோட்டூ பத்து. ரன் என்று அடித்து ஓட்டினேன். விளக்கு மினுங்கியது, அணைந்தது, மினுங்கியது. வெல்வெட் போர்வைக் கணினியில் திரைக்கு உள்ளேதான் எல்லாம் நடந்தது. இங்கே நான் எழுதிய வரி திரையை விட்டு வெளியே வந்து, கண்ணுக்கு முன்னால் ஒரு வேலை செய்தது. எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தேன்.

வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்தார். "எப்ப நிப்பாட்டும்?"

"நிப்பாட்டாது. நான் சொன்னாத்தான் நிக்கும்."

"அம்புட்டு நேரமும் இதையேதான் செய்யுமா?"

"ஆமா."

"சலிச்சுக்காதா?"

"சலிச்சுக்காது."

"அப்ப அதுக்கிட்ட ஏதாச்சும் உருப்படியான வேலையாச் சொல்ல வேண்டியதுதான?" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

தோழி அதற்குள் உருப்படியான வேலை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். அவள் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குழாய்க்குக் கீழே ஒரு வாளியை வைத்து, அதில் இரண்டு கம்பிகளைத் தொங்கவிட்டிருந்தாள். தண்ணீர் வந்தால் இரண்டு கம்பிக்கும் நடுவில் மின்சாரம் ஓடும். பலகை அதைக் கண்டுகொண்டு தையல் மெஷின் பக்கத்தில் பீப் பீப் என்று கத்தும். தெருவில் முதல் குடம் எப்போதும் அவளுடையதாகவே இருந்ததில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அவள் மேல் சந்தேகம் வந்துவிட்டதாம்.

எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பிரச்சினை வேறு. தண்ணீர் வரக்கூடாத நேரத்தில் வருவதுதான் எங்கள் கவலை. எங்கள் பக்கம் விளைவது குண்டு மிளகாய். பழமாகப் பறித்து, ஊருக்கு ஒட்டினாற்போல இருக்கிற களத்தில் பரப்பி, நாள்கணக்கில் வெயிலில் காயப்போடுவோம். எங்கள் தெருவே அங்கேதான் காயப்போடும். காய்ந்துகொண்டிருக்கும்போது கோடை மழை ஒரு தூறல் போட்டால் போதும், சிவப்பெல்லாம் வெளுத்து, உள்ளே பூஞ்சணம் பிடித்துப்போகும். அந்த மழையும் எல்லாரும் மதியச் சாப்பாட்டை முடித்து, கொஞ்சம் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்துத்தான் வரும். தோழியின் வாளிக்குப் பதிலாகக் களத்தில் கம்பியை வைத்தால்?

தோழியிடம் அவள் எழுதிய வரிகளை போனில் சொல்லச் சொன்னேன். படம் எடுத்து அனுப்பத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள். ஆனால் சொல்லி எழுதினால்தான் கை பழகும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். நான் கிணற்றடிக் கல்லில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, சத்தமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடித்தேன்.

"முப்பது... ம்... இருந்தா நாப்பதுக்குப் போ. இல்லேன்னாப் பத்துக்கே போ. சரி. பத்துலயே நிக்கட்டும். அடுத்து?"

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஈரத்துணியைத் தோளில் போட்டபடியே நின்றுவிட்டாள். நான் போனை வைத்ததும் கேட்டாள்.

"மதினி, யாரு வீட்டுச் சம்பந்தம்? மொதல்ல முப்பது பவுனு கேட்டுட்டு, இல்லேன்னாப் பத்துன்னாலும் சரிங்கிறாகளே, மாப்பிள்ளைக்கு ஏதும் குறையா?"

சாமான்கள் வாங்க ராமநாதபுரம் போனேன். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் கூட்டமெல்லாம் கல்லூரிப் பையன்கள். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர், வயர், குட்டி ஸ்பீக்கர், அதன் சத்தத்தைக் கூட்ட ஒரு ஆம்ப்ளிஃபயர் பலகை என்று நான் கேட்டுக்கொண்டே போனதும் கடைக்காரர் நிமிர்ந்தார்.

"பையனுக்குப் ப்ராஜெக்டா மேடம்?"

"எனக்குத்தான்."

"நீங்க எந்தக் காலேஜ்?"

"மொளகாக் களம்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மறுகேள்வி கேட்காமல், செம்புக் கம்பி ஒரு சுருளை எடுத்து நீட்டினார்.

ஐஸ்கிரீம் டப்பா மூடியில், இரண்டு செம்புக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் வளைத்து வளைத்து ஒட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் இரண்டையும் சேர்த்துவிடும். பலகையும் பவர் பேங்கும் ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள். மூடி களத்து ஓரத்தில். ஸ்பீக்கர் அங்கே நிற்கிற வேப்பமரத்தில். கையில் தண்ணீர் தொட்டுத் தெளித்தேன். மரத்திலிருந்து காகமெல்லாம் பறக்கிற மாதிரி அலறியது. தெருவே வந்து பார்த்தது. ஒவ்வொருவரும் ஒரு முறை தெளித்துப் பார்த்தார்கள். ஒரு மாமா வெற்றிலை எச்சிலைத் துப்பிப் பார்க்கலாமா என்று கேட்டார். கூடாது என்றேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் மரம் அலறியது. படுதாக்களை இழுத்துக்கொண்டு நாலு வீட்டு ஜனமும் களத்துக்கு ஓடியது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூடியைத் தொட்டுப் பார்த்தேன். பனி.

"மதினி, ஒங்க மிஷினு மார்கழி பஜனைக்கு எழுப்பி விடுற மாதிரில்ல எழுப்பி விடுது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, கொட்டாவியோடு.

அன்று முழுக்க யோசித்தேன். ஈரம் உண்டா இல்லையா என்று மட்டும்தான் நான் கேட்டிருந்தேன். எவ்வளவு ஈரம் என்று கேட்கவில்லை. இந்தப் பலகையின் ஓரத்துப் பொன்னிறப் புள்ளிகளில், அதாவது கால்களில், சில 'எவ்வளவு' என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும் என்று தோழி எங்கோ படித்துச் சொன்னாள். மூடியின் வயரை அந்தக் காலுக்கு மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். வாயால் ஊதினால் ஓர் எண் வந்தது. ஈரத்துணியால் ஒற்றினால் இன்னொன்று. தண்ணீர் தெளித்தால் எண் தாவி ஏறியது. நடுவில் ஓர் எண்ணைப் பிடித்து, அதற்கு மேல் போனால் மட்டும் கத்து என்று எழுதினேன். என் வீட்டுக்காரர் ஆர்வம் தாங்காமல் மூடியின் மேல் ஒரு தும்மல் போட்டார். தும்மல் பனிக்கும் மழைக்கும் நடுவில் வந்தது. அவருக்கு அதில் பெருமை.

இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் நட்ட நடு வெயிலில் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் வெள்ளாடு ஒன்று மூடியை நக்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் வேர்த்த கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் மூடியில் உப்பு ஏறியிருக்க வேண்டும். பலகையின் எண் கணக்கில் ஆட்டின் நாக்கு பெருமழைக்குச் சமம். ஒரு கம்பை நட்டு, ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் மூடியைக் கட்டினேன். அதன்பின் கருவி சாதுவாகிவிட்டது. பனிக்கு வாய் திறக்கவில்லை. ஆடு பார்த்துவிட்டுப் போய்விட்டது. தெரு ஜனங்கள் என்னை நம்பி மதியத்தில் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் ரேஷன் கார்டு வேலையாகக் கடலாடி போயிருந்தேன். வேலை முடிந்து வெளியே வந்தபோது எங்கள் ஊர்த் திசையில் மேகம் கறுத்து நின்றது. வழக்கமாக இந்த மேகத்தைப் பார்த்தால் ஓட்டமாக ஓடி முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். அன்று ஓடவில்லை. கருவி இருக்கிறது. கூடவே வீட்டில் ஆளும் இருக்கிறது. ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஜன்னலை இறக்கிவிட்டு, இந்நேரம் ஸ்பீக்கர் எப்படி அலறியிருக்கும், யார் யார் ஓடியிருப்பார்கள் என்று நினைத்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

இறங்கி நடந்து களத்துக்குப் போனால், அப்போதுதான் எல்லாரும் ஓடி ஓடிப் படுதா போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்து மிளகாயெல்லாம் நனைந்து பளபளவென்று மின்னியது. மரம் வாயே திறக்கவில்லை. வயர் அறுந்துவிட்டதா, பவர் பேங்க் தீர்ந்துவிட்டதா, வரியில் தப்பா என்று நினைத்துக்கொண்டே கம்பை நோக்கி ஓடினேன்.

கம்பின் உச்சியில் உர மூட்டையின் பிளாஸ்டிக் உறை ஒன்று இருந்தது. ஐஸ்கிரீம் மூடியைச் சுற்றி அழகாக மடித்து, காற்றுக்குப் பறக்காதபடி சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். மழை கொட்டிக்கொண்டிருக்கிற அந்தக் களத்தில், ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது அந்த மூடி ஒன்றுதான்.

தலையில் துண்டோடு என் வீட்டுக்காரர் வந்தார். முகத்தில் பெருமிதம்.

"ஒம் மிஷினுக்கு ஒண்ணும் ஆகல. மேகத்தப் பாத்த ஒடனே மொத வேலையா அதத்தான் மூடினேன்."

"அப்ப மொளகாய?"

"மழ வந்தா அது கத்தும்ல? கத்தவும் மூடிக்கலாம்னு வீட்டுல இருந்தேன்."

சுற்றி நின்றவர்கள் படுதாவைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார்கள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அந்த உறையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவர் என் முகத்தையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணில் விஷயம் மெல்ல மெல்ல ஏறுவது தெரிந்தது.

"அது நனைஞ்சாத்தான் கத்துமா?" என்றார், சின்னக் குரலில்.

முதலில் சிரித்தது பக்கத்து வீட்டுக்காரி. பிறகு களமே சிரித்தது. மிளகாய் நனைந்த வீட்டுக்காரர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். என்னாலும் அடக்க முடியவில்லை. நனைந்ததைத் தனியாகப் பிரித்து எடுத்து, வெயில் வந்ததும் வேறாகப் பரப்பினோம். பெரும்பாலும் தப்பிவிட்டது. தப்பாதது என் வீட்டுக்காரரின் மானம்தான். டீக்கடைக்குப் போனால், "என்ன மாப்ள, கொட நனைஞ்சிரும்னு கக்கத்துல வச்சுக்கிட்டு வாரீகளாமே?" என்று கேட்டார்களாம்.

அவர் வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த பெயிண்டை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனார். ஒரு தகரத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கம்பில் மாட்டினார்: 'இது நனையலாம்'.

அதற்குப் பின் வந்த தொல்லை சத்தமில்லாமல் வந்தது. பலகை காட்டும் எண் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. தண்ணீர் தெளித்தாலும் முன்போல ஏறவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கம்பி பச்சையாகப் பூத்து, அங்கங்கே அரித்துப்போயிருந்தது. தோழியைக் கூப்பிட்டேன்.

"எனக்கும் அதேதான்டி. இங்கன கடல்காத்துல ஒரு வாரம் தாங்கல" என்றாள். "ரெண்டு தப்புப் பண்றோம். கம்பியில எந்நேரமும் கரண்டு ஓடிக்கிட்டே கெடக்கு. ஈரமும் கரண்டும் சேந்தா செம்பக் கரைச்சுரும். பாக்குற நேரத்துக்கு மட்டும் கரண்டக் குடு. பாத்த ஒடனே அணைச்சுரு. இன்னொண்ணு, செம்பே வேணாம். பழைய டார்ச் லைட் பேட்டரிய ஒடைச்சா உள்ள ஒரு கறுப்புக் குச்சி இருக்கும்ல, கரிக்குச்சி? அதப் போடு. அது அரிக்காது."

முதலாவது யோசனைக்கு இரண்டே வரிதான் கூடுதலாகத் தேவைப்பட்டது. வரிகளுக்கு நடுவில் பத்துப் பத்தாக இடைவெளி விட்டு ஏன் எண் போடச் சொன்னார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இருபத்தைந்தில் ஒன்றும் முப்பத்தைந்தில் ஒன்றுமாகச் சொருகிவிட்டேன். இரண்டாவது யோசனைக்கு, வீட்டில் இருந்த டார்ச், கடிகாரம், டிவி ரிமோட் எல்லாம் கொஞ்ச நாள் ஊமையாயின. ரிமோட் பேட்டரியில் உருப்படியான குச்சி இல்லை என்று உடைத்த பிறகுதான் தெரிந்தது.

தோழி சொன்ன மூன்றாவது யோசனை வேலைக்குத் தேவையே இல்லாதது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

"அந்த பீப் பீப் நல்லாவா இருக்கு? லாரி பின்னுக்கு வார மாதிரி. மழ வந்தாக் கொலவையில்ல போடணும்?"

ஸ்பீக்கருக்கு எந்த சுருதி வேண்டும் என்று ஓர் எண்ணாகச் சொன்னால் பலகை அந்தச் சுருதியில் ஒலிக்கும். குலவை என்பது நாக்கு இரண்டு பக்கமும் அடிக்கிற அடி. அதாவது இரண்டு சுருதி, மாற்றி மாற்றி, வேகமாக. வேகம் எவ்வளவு என்று தெரிய அவள் அங்கிருந்து போனில் குலவை போட்டாள். நான் இங்கிருந்து திருப்பிப் போட்டேன். எண்ணை மாற்றினேன். முதலில் கோழி கொக்கரிக்கிற மாதிரி வந்தது. இடைவெளியைக் குறைத்தபோது கொசு. திரும்ப அவள் போட, நான் போட, அவள் கடைக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள், உள்ளே யாருக்கோ சடங்கு என்று நினைத்து எட்டிப்பார்த்தார்களாம். அந்தச் சாக்கில் அவளுடைய தண்ணீர் ரகசியமும் வெளியே வந்துவிட்டது. இப்போது அவள் கருவி தெருமுனைக் கம்பத்தில் தொங்குகிறது. தண்ணீர் வந்தால் எல்லாருக்கும் சேர்த்துக் கத்துகிறது. முதல் குடத்துக்குச் சண்டை பழையபடி ஆரம்பித்துவிட்டது என்று மகிழ்ச்சியாகச் சொன்னாள்.

அடுத்த மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஊரே மயங்கிக் கிடந்தது. வேப்பமரத்திலிருந்து திடீரென்று குலவை கிளம்பியது. கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருந்தாலும் குலவைதான். நான் எழுந்து ஓடுவதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். "கத்துது, கத்துது, எந்திரிங்க!" என்று அவர் போட்ட சத்தம் ஸ்பீக்கரை விடப் பெரிது. படுதாவை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து முடித்தபோது பெரிய பெரிய சொட்டாக விழத் தொடங்கியது. கையில் வேலை இல்லாமல் மழையில் நின்றுகொண்டிருந்த பெண்களில் யாரோ ஒருத்தி மரத்தின் குலவைக்கு எதிர்க்குலவை போட்டாள். உடனே எல்லாருமே போட்டோம். மரமும் விடாமல் போட்டது. 'மழை நின்றால் நீயும் நிறுத்து' என்றுதான் எழுதியிருந்தேன், மழையோ நிற்காமல் பெய்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் கம்புக்குக் கீழே நின்று, மூடி சரியாக நனைகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மிளகாய் எல்லாம் மூட்டைக்குப் போனபிறகு, கருவியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஒரு சாயங்காலம் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"வருசா வருசம் மயிலு வந்து மொளகாச் செடியக் கொத்திப் போடுதே, அதக் கண்டுபிடிக்குமா இது?"

"மழதான் நனைக்கும். மயிலு நனைக்காதுல்ல? அதுக்கு வேற மாதிரி எழுதணும்."

"தள்ளு, நான் எழுதுறேன்."

நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். அவர் இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பத்து என்று எண் போட்டார். அதற்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'மயில் வந்தால் விரட்டு' என்று தமிழிலேயே அடித்துவிட்டு, ஓட்டு என்கிற கட்டளையையும் என்னிடம் கேட்டு அடித்தார். திரையில் பிழை என்று வந்தது.

"என்னங்குது?"

"நீங்க சொல்றது புரியலைங்குது."

"வீட்டுல ஏற்கனவே ஒரு ஆளு அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கு" என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்கு நெருங்கி உட்கார்ந்தார். "சரி, மயிலுக்கு இங்கிலீசுல என்ன? எழுத்தக் கூட்டிச் சொல்லு."